ஒன்பது கேள்விக்குறி

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு அங்கேதான் வேலை. ஆதார் நகல், பட்டா நகல், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் கடை கம்ப்யூட்டரிலேயே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. போனில் வீடியோ பார்ப்பது, அதேபோல அடித்துப் பார்ப்பது, தப்பு வந்தால் திரும்ப வீடியோ பார்ப்பது. கடை நடத்தும் அக்கா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வடக்கனந்தல். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா களை எடுக்க, மரவள்ளி பிடுங்க என்று கூப்பிட்ட வேலைக்குப் போவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, அதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. நான் ஆறாவது படிக்கும்போதே மாத்திரை அட்டை, பேங்க் கடிதம், கரண்ட் ஆபீஸ் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். "அவனாண்ட குடு, அவன் படிச்சி சொல்லுவான்" என்பார்கள். பாதி எனக்கும் புரியாது. ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது "தெரியல" என்று எப்படிச் சொல்வது? ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் அப்படியே வளர்ந்துவிட்டது.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு வேன் ஓட்டும் அண்ணன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். மலையில் யாருக்காவது பிரசவம், விபத்து, பாம்புக்கடி என்றால் பல நேரம் இவர்களுடைய வண்டியில்தான் கீழே இறக்கிவருவார்கள். இறக்கிவந்த பிறகு சில சமயம் ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர், பச்சை வேன் ஓட்டுகிறவர், ஒருநாள் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான? எங்க வண்டியில ஏறறவங்கள்ல எத்தினியோ பேரு ரத்தம் குடுக்க ரெடியா இருக்காங்க. எவன் எந்த குரூப்புன்னு எங்களுக்கு ஞாபகம் இருக்க மாட்டேங்குது. போன்ல தட்டனா வர்ற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முறையாக ஒருவர் என்னை நம்பி வெப்சைட் கேட்கிறார்! ஒரே மாதத்தில் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், ரத்த வகை, போன் நம்பர் என்று நாலு கட்டம். அண்ணன்களுக்கு டைப் அடிக்க வராது. அதனால் போனில் மைக் பட்டனை அழுத்திப் பேசச் சொல்லிக் கொடுத்தேன். "வெள்ளிமலை" என்று சொன்னால் வெள்ளிமலை என்று தமிழில் எழுதிக்கொள்ளும், "ஓ பாசிட்டிவ்" என்றால் அதையும் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். ஒருமுறை ஓர் அண்ணன் மைக்கை அணைக்காமல் பின்னால் திரும்பி, "டேய், அந்தக் கோழிய உள்ள தள்ளு" என்று சொன்னதும் ஊர்ப் பெயர்க் கட்டத்தில் ஏறிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். எட்டு மாதத்தில் முந்நூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஏழெட்டு முறை அந்தப் பட்டியலைப் பார்த்தே ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். வேறு எந்த நோட்டிலும் அந்த விவரம் கிடையாது. இருப்பதெல்லாம் என் வெப்சைட்டில்தான்.

வெப்சைட்டை இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் வைத்திருந்தேன். அவர்கள் இலவசத்தை நிறுத்தப்போகிறோம், மாற்றிக்கொள்ளுங்கள் என்று மெயில் அனுப்பினார்கள். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. நானும் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டு, அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் உட்கார்ந்தேன்.

டேட்டாபேஸ் என்று சொல்வார்கள், பட்டியல் முழுக்க இருக்கிற இடம். பழைய இடத்திலிருந்து அதை எடுத்துவர நானே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, மொத்தத்தையும் ஒரே ஃபைலாக இறக்கினேன். புதிய இடத்தில் ஏற்றினேன். முந்நூற்று நாற்பது வரி ஏறியது என்று காட்டியது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று சந்தோஷமாகி, பழைய இடத்தில் போய் கணக்கை அழிக்கும் பட்டனை அமுக்கினேன். "நிச்சயமாகவா?" என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். உள்ளே ஒரு வரியையாவது திறந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு வெப்சைட்டைத் திறந்தால், டேட்டாபேஸுக்குள் நுழைய அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

இது நான் எதிர்பார்த்ததுதான். வெப்சைட் டேட்டாபேஸோடு பேசுவதற்கு ஒரு சின்ன ஃபைல் இருக்கும். எந்த முகவரி, எந்தப் பயனர் பெயர், எந்தக் கடவுச்சொல் என்று அதில் எழுதி வைக்க வேண்டும். புது இடத்துக்குத் தகுந்த மாதிரி அதை மாற்றினால் சரியாகிவிடும். மாற்றினேன். வரவில்லை. முகவரியைச் சரிபார்த்தேன், பயனர் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். வரவில்லை. மணி பத்தேகால்.

அப்போதுதான் பச்சை வேன் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரில இருக்கேன். மலையிலேர்ந்து ஒரு பொண்ண பிரசவத்துக்குக் கூட்டியாந்தேன். ரத்தம் ஜாஸ்தியா போவுதாம், ஓ நெகட்டிவ். இங்க இருந்தத ஏத்திட்டாங்க. வெளியூர்லேர்ந்து வரச் சொல்லி இருக்காங்க, அது வர்றதுக்குள்ள ஒரு ஆளாவது வேணுமாம். உன் சைட்டு தொறக்க மாட்டேங்குதே, இன்னா ஆச்சு?"

நியாயமாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணா, சைட் உடைந்து கிடக்கிறது, வேறு வழியில் ஆள் தேட ஆரம்பியுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ரெண்டு நிமிஷம்ணா, பாத்துக்கினு இருக்கேன்."

போனை வைத்தேன். அதுவரை பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தவன், இப்போது கண்டதையும் மாற்ற ஆரம்பித்தேன். முகவரியை மாற்றினேன், திரும்பப் பழையதையே போட்டேன். கடவுச்சொல்லைப் புதிதாக வைத்தேன், அதிலும் தப்படித்தேன். எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பதே குழம்பிவிட்டது. முன்னால் ஒரு பெரியவர் சாதிச் சான்றிதழை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா என்னைக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை. அவர்களே எழுந்துபோய் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

மறுபடியும் போன். "தம்பி?" "இதோ ரெண்டு நிமிஷம்ணா." இன்னொரு முறை. "ஆச்சா?" "ஆயிடுச்சு ண்ணா, ரெண்டே நிமிஷம்." ஒவ்வொரு முறையும் அவர் நம்பிக்கொண்டு வைத்தார்.

கடைசியில் என்ன தோன்றியதோ, கடவுச்சொல்லை அப்படியே திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதினேன். வெள்ளிமலை என்பதை ஆங்கிலத்தில் அடித்து, பலமாக இருக்கட்டும் என்று வெள்ளிக்கும் மலைக்கும் நடுவில் ஒரு டாலர் குறி வைத்திருந்தேன். திரையில் "வெள்ளி" மட்டும் இருந்தது. மலையைக் காணோம். நான் எழுதிய மொழியில், இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால், அதற்குப் பின்னால் இருப்பதை வேறு எதற்கோ பெயர் என்று நினைத்து அது விழுங்கிவிடும். இது தெரியாமல் ஒரு மணி நேரம் மற்ற எல்லாவற்றையும் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒற்றை மேற்கோளாக மாற்றினேன். சைட் திறந்துவிட்டது.

அந்த ஒரு நொடி எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. உடனே பட்டியல் பக்கத்துக்குப் போனேன்.

பெயர் என்ற கட்டத்தில் கேள்விக்குறிகள். ஊர் என்ற கட்டத்தில் கேள்விக்குறிகள். ரத்த வகை, அதிலும் கேள்விக்குறிகள். போன் நம்பர் மட்டும் நம்பராக இருந்தது. கீழே போகப் போக, முந்நூற்று நாற்பது பேரும் அப்படியே.

காலையில் இறக்கிய ஃபைலைத் திறந்தேன். அதிலும் கேள்விக்குறிதான். அப்போதுதான் புரிந்தது. டேட்டாபேஸோடு பேசும்போது எந்த எழுத்தில் பேசப்போகிறோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், ஒரே ஒரு வரி. வெப்சைட்டில் பெயர் சேர்க்கும் பக்கத்தில் அந்த வரியை எழுதியிருந்தேன். காலையில் அவசரமாக எழுதிய ப்ரோக்ராமில் விட்டுவிட்டேன். அதனால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வந்து, தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறது. பழைய இடத்தில் நல்ல பட்டியல் இருந்தது. அதை அழித்ததும் நான்தான். திரும்பக் கிடைக்குமா என்று மெயில் போட்டேன். இரண்டு வேலை நாளுக்குள் பதில் தருகிறோம் என்று தானாக ஒரு மெயில் வந்தது.

மணி பதினொன்று ஆகப்போகிறது. போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து என் பின்னால் வந்து திரையைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். "எடுறா" என்றார்கள். எடுத்தேன்.

"அண்ணா… எல்லாம் போச்சு ண்ணா" என்றேன். "சைட் காலையிலேர்ந்தே வேல செய்யல. நான் பொய் சொன்னேன். இப்ப தொறந்துடுச்சு, ஆனா பேரு, ஊரு, குரூப்பு எதுவும் இல்ல. நான்தான் அழிச்சிட்டேன். இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"திட்டறது அப்பறம் வச்சிக்கிறேன்" என்றார் அண்ணன். "மத்தவனுங்க எல்லாம் மலமேல இருக்கானுங்க, ஒருத்தனுக்கும் லைன் போவல. இப்ப உன் கண்ணுக்கு முன்னால இன்னா தெரியுதோ, அத்த அப்படியே படி."

"கேள்விக்குறிதாண்ணா இருக்குது."

"அத்தயே படி!"

வேறு வழியில்லை. படித்தேன். ஒரு கேள்விக்குறி, ஒரு இடைவெளி, அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று… பத்து கேள்விக்குறி. அடுத்த ஆள், இரண்டு கேள்விக்குறி, இடைவெளி, பத்து. அடுத்தது ஒன்று, இடைவெளி, பத்து. பைத்தியக்காரன் மாதிரி எண்ணிக்கொண்டே போனேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பதினேழாவதோ பதினெட்டாவதோ வரியில், ஒன்று, இடைவெளி, ஒன்பது.

ஒன்பது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று விரல் வைத்து மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான்.

கம்ப்யூட்டருக்கு நாம் நினைக்கிற மாதிரி எழுத்து இல்லை. "டி" என்பது நமக்கு ஒரே எழுத்து, அதற்கு "ட" ஒன்று, மேலே இருக்கும் சுழி ஒன்று, ஆக இரண்டு. கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. ஒரு பேப்பரை இழுத்து "பாசிட்டிவ்" என்று எழுதி எண்ணினேன். பத்து வந்தது. "நெகட்டிவ்" என்று எழுதி எண்ணினேன். ஒன்பது!

அண்ணன்கள் யாரும் கையால் டைப் அடிக்கவில்லை. எல்லாம் மைக்கில் சொன்னது. போன் எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும். அப்படியானால் ஒன்பது இருக்கும் ஒவ்வொரு வரியும் நெகட்டிவ். முன்னால் இருப்பதையும் எண்ணினால், "பி" இரண்டு, "ஏபி" மூன்று, "ஓ" ஒன்று. "ஏ"வும் ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்று, இடைவெளி, ஒன்பது என்று இருப்பவர் ஓ நெகட்டிவ், இல்லாவிட்டால் ஏ நெகட்டிவ்.

அப்படி இருப்பவர்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லி டேட்டாபேஸில் கேட்டேன். பதினொரு வரி வந்தது.

"அண்ணா, பதினோரு நம்பர் இருக்குது!" என்று கத்தினேன். அக்கா ஏற்கனவே தன் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "குடு, அஞ்சு எனக்கு. நீ ஆறு பாரு." கடை வாசலில் நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுங்க, ஒரு உசுரு விஷயம்" என்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆனால் பெயர் தெரியாமல் ஒருவரிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். "நான் ஓ நெகட்டிவ்தான் தம்பி, ஆனா இன்னிக்கு எப்படி வருவேன்?" என்று அவர்தான் வருத்தப்பட்டார். மூன்றாவது ஆளிடம், "வணக்கம் சார், உங்க ரத்த வகை என்னங்க?" என்று ஆரம்பித்தேன்.

"நீ யாரு?"

"ரத்ததான சைட்லேர்ந்து பேசறேங்க. உங்க பேரு…"

"என் பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்."

"தெரியாதுங்க சார்."

"பேரு தெரியாதுன்ற, ரத்தம் இன்னா குரூப்புன்ற. அடுத்து இன்னா, ஓடிபி நம்பர் வருமா? போடா!" வைத்துவிட்டார். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. அதற்கு மேல் யாருக்குப் போட்டாலும் "சைட்" என்ற வார்த்தையை எடுக்கவில்லை. "மலைக்குப் போற வேன்ல ஒரு அண்ணன் உங்க நம்பர எழுதிக்கினாரே" என்று ஆரம்பித்தேன். அதற்கு உடனே பதில் வந்தது. அவர்களுக்கு என் சைட் தெரியாது, வேன்தான் தெரியும்.

நாலாவது ஆள் ஏ நெகட்டிவ். ஐந்தாவது ஆள் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தார். ஆறாவது அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா பக்கம் இரண்டு பேர் எடுக்கவில்லை, இரண்டு பேர் ஏ நெகட்டிவ். அக்காவின் கடைசி நம்பர் ஒரு பெண். ஓ நெகட்டிவ்! கேட்டால் வடக்கனந்தல், நூறு நாள் ஏரி வேலையில் இருக்கிறாராம். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. பக்கத்தில் ஒருவரின் வண்டியில் ஏறி அரை மணியில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நானும் கடையை அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

அந்த அம்மாவின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த நர்ஸ், "உங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்குமா, எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா நம்பவில்லை. "நான் நல்லாதானே இருக்கேன். மண்ணு சொமக்கிறேன், எடுத்துக்கோங்கம்மா" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். அவரை வெளியே அழைத்துவர வேண்டியதாகிவிட்டது.

வெளியே பெஞ்சில், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் புருஷன் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், இருபத்து மூன்று, இருபத்து நாலு. கையில் ஒரு மஞ்சள் பையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பச்சை வேன் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மணி பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. வெளியூர் ரத்தம் இன்னும் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் மனதுக்குள் அந்த ஒரு மணி நேரத்தையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தேகாலுக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணன் வேறு யாரையாவது கேட்டிருப்பார், ஊருக்குள் விசாரித்திருப்பார். அவர் கையைக் கட்டிப்போட்டது என்னுடைய "ரெண்டு நிமிஷம்".

அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆமா, நெசந்தான். நம்ம புள்ளதான் பேசனது. எங்க வந்துக்கினு இருக்க?" என்றார்.

ஓடிபி வருமா என்று என்னை விரட்டிய ஆள்தான். எலவனாசூர்கோட்டைக்காரர். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், போனை வைத்த பிறகு மனசு கேட்காமல், எட்டு மாதத்துக்கு முன்னால் வேனில் நம்பர் வாங்கிய இதே பச்சை வேன் அண்ணனைத் தன் போனில் தேடியிருக்கிறார். நாலைந்து முறை போட்டும் லைன் பிஸி. அண்ணனும் அந்த நேரம் ஆள் தேடி யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். அதற்காக அவர் காத்திருக்கவில்லை. மலை வேன் என்றால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிதான், பொய்யாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டார். இப்போது பேசியது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து.

அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். இடுப்பில் துண்டு, கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். "குளிக்கக்கூட இல்ல, பரவால்லியா?" என்று நர்ஸிடம் கேட்டார். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எடுத்தார்கள். பரிசோதனை முடிந்து அந்த ரத்தம் உள்ளே போனது. வெளியூரிலிருந்து வந்தது அதற்கு ஒரு மணி நேரம் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். பெண் குழந்தை. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். புருஷன் எழுந்துவந்து கரும்புக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். கரும்புக்காரர்தான், "இவனா? என் பேரே தெரியாம என்னாண்ட ரத்தம் கேட்டவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பெயரை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் கச்சிராயபாளையத்துக்குப் போய் எல்லா வேன் அண்ணன்களிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பச்சை வேன் அண்ணன் தள்ளிவைத்த திட்டை அங்கே வைத்துக் கொடுத்தார், நன்றாகவே கொடுத்தார். இன்னொரு அண்ணன், "பரவால்ல வுடு. இனிமே உன் பேரே கேள்விக்குறிதான்டா" என்றார். அது அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் மலை வண்டிகளில் எனக்கு அதுதான் பெயர்.

பழைய இடத்திலிருந்து ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முந்நூற்று நாற்பது நம்பருக்கும் நானே பேசினேன். "என் தப்பால உங்க பேரு அழிஞ்சிடுச்சுங்க, திரும்பச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். சிலர் திட்டினார்கள், நிறைய பேர் சொன்னார்கள். மலையில் சிக்னல் கிடைக்காதவர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், அவர்களைத் தேடி வேனிலேயே போனேன். ரத்த வகையை இப்போது எட்டில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு வேனிலும் ஒன்று வைக்கிறோம். எந்த எழுத்தில் பேச வேண்டும் என்ற அந்த ஒரு வரியை எழுதாமல் நான் இப்போது எந்த ஃபைலையும் மூடுவதில்லை.

இப்போது சென்னையிலிருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு ஊரிலிருந்தபடியே வேலை செய்கிறேன். இதைக் கேட்கும் நண்பர்கள் எல்லாம், "நகல் எடுத்து வைக்காமல் எதையும் அழிக்கக் கூடாது, அதுதானே பாடம்?" என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அழித்தது அவசரத்தில் நடந்த தப்பு, யாருக்கும் நடக்கும். கண்ணெதிரே உடைந்து கிடந்ததை வைத்துக்கொண்டு, பெஞ்சில் ஒருவர் பையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூன்று முறை "ரெண்டு நிமிஷம்ணா" என்று சொன்னது அப்படி இல்லை. "தெரியல" என்று நான் சொன்ன பிறகுதானே அன்றைக்கு என்னோடு சேர்ந்து மற்றவர்களும் தேட ஆரம்பித்தார்கள்! இன்றைக்கும் ஏதாவது உடைந்து, போன் அடித்து, "இன்னா ஆச்சு?" என்று ஒருவர் கேட்கும்போது அந்தப் பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது, அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்படுகிறது.